வராதவரின் கையெழுத்து

சீதை ஆச்சி பதினைந்து வருஷம் கம்பெனி டைரக்டராக இருந்தாள். அதில் பதினான்கு வருஷம் அது அவளுக்கே உறைக்கவில்லை. சட்டப்படி இரண்டு டைரக்டர்கள் வேண்டுமென்றதால் நாகநாதன் செட்டியார் மனைவி பெயரையும் எழுதிப் போட்டிருந்தார். ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி நல்லசாமி விரல் வைக்கும் இடத்தில் அவள் தமிழில் கையெழுத்திடுவாள், பிறகு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

செட்டியாருக்கு ஒரு வழக்கம் உண்டு. ஊருக்குக் கப்பலேறும் முன் நல்ல நாள் பார்த்து, வெற்றுத்தாள்களின் தலையில் பிள்ளையார் சுழியும் அடியில் கையெழுத்தும் போட்டு, கட்டாகக் கிராணியிடம் கொடுப்பார். அவர் இல்லாவிட்டாலும் சிரம்பான் ஆபீஸ் நிற்காது.

ஐம்பத்தொன்று மார்ச்சில் அப்படிப் போட்டு முடித்த மறுநாள், கம்பெனியின் லிங்கி ரப்பர் தோட்டத்தைப் பார்த்துவரப் போனவர் திரும்பவில்லை. பால்மரங்களுக்கு நடுவே ஒரு வளைவில் கார் நின்றது. கதவு திறந்திருந்தது, இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஆள் இல்லை. துப்பாக்கியோடு காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகள், அந்தக் காட்டுக்காரர்கள், கொண்டுபோயிருப்பார்கள் என்றது போலீஸ். உடல் கிடைக்காததால் ஆச்சி தாலியைக் கழற்றவில்லை.

ஆனால் கையெழுத்து வந்துகொண்டே இருந்தது. கிராணியிடம் இருந்த அந்தக் கட்டிலிருந்து மாதம் ஒரு தீர்மானம், 'இன்று கூடிய டைரக்டர்கள்' என்று புதுத் தேதியோடு, கீழே நாகநாதன். அந்த நீல மையைப் பார்த்தால் அவர் எங்கோ உட்கார்ந்து எழுதுவதுபோல் இருக்கும். அதற்காகவே அவளும் பக்கத்தில் போட்டாள்.

அவர் போன எட்டாவது மாதம் வந்த தாளை, என்னவோ தோன்றி, நல்லசாமியை வாசிக்கச் சொன்னாள். காட்டுக்காரர்கள் நுழையாதிருக்க, அரசாங்க உத்தரவுப்படி தொழிலாளர் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி முடிந்தது, டைரக்டர்கள் நேரில் பார்த்துத் திருப்தியடைந்தார்கள் என்று இருந்தது.

"யாரு பார்த்தா?"

"தோட்டத்து மானேஜர் சொன்னாரு ஆச்சி. நீங்க போட்டுட்டா வேலை முடிஞ்சிடும்."

அன்றே வக்கீலைப் பார்த்தாள். அவர் சுற்றி வளைக்கவில்லை. பார்க்காததைப் பார்த்தேன் என்று போட்டால் அவளும் பொய் சொன்னவள். இங்கிலீஷ் தெரியாது, வீட்டோடு இருப்பவள் என்பதெல்லாம் டைரக்டருக்குச் சாக்கு ஆகாது. அந்த லயத்தில் ஒரு உயிர் போனால் அவளும் பதில் சொல்லவேண்டும்.

மறுநாள் காலை நல்லசாமியோடு தோட்டத்தில் இறங்கினாள். ரோட்டுப்பக்கம் கம்பி பளபளத்தது. பின்னால், காட்டைப் பார்த்த கடைசி லயத்துக்கு அப்பால், குழிகள் மட்டும். மழைத்தண்ணீர் தேங்கிக் கிடந்தது. அங்கே ஏழு குடும்பம். கைக்குழந்தை உள்ள வீடுகள்கூட பகலில் உள்ளே தாழிட்டிருந்தன. ஒரு கோழிகூடக் கத்தவில்லை.

அவள் கையெழுத்துக்கு முன்பே மானேஜர் முந்திக்கொண்டு, அந்தக் கட்டில் இன்னொரு தாளை வாங்கி அடித்த வேலி அறிவிப்பு சுவரில் ஒட்டியிருந்தது. தலையில் பிள்ளையார் சுழி, கீழே நாகநாதன். அதன் அடியில் வெற்றிலையும் ஒரு கோப்பை காபியும். காபியில் இன்னும் ஆவி பறந்தது.

பால்மரம் சீவும் ராக்கம்மா காய்ச்சலென்று வீட்டிலிருந்தவள், கதவிடுக்கில் எட்டிப் பார்த்தாள். மார்ச்சில் அந்த ஆளில்லாத காரை முதலில் கண்டவள் அவள்தான்.

"யாருக்கு இந்தக் காப்பி?"

"மொதலாளிக்குத்தான் ஆச்சி. மாசாமாசம் உத்தரவு போடுறாருல்ல. செத்தாலும் லீவு இல்ல போல." அவள் சிரிக்கவில்லை. "வேலி போட்டாச்சுன்னு அவரே எழுதிட்டாரு. இல்லன்னு சொல்ல யாருக்கு தைரியம்லா?"

பின்பக்கம் பத்து நாளாகக் காலடி கேட்கிறதாம். வாசல்வரை வந்து நின்று போகிறதாம். மொதலாளிதான் சுற்றிப் பார்க்கிறார் என்று நினைத்து யாரும் போலீஸிடம் சொல்லவில்லையாம்.

ஆச்சி நல்லசாமி பக்கம் திரும்பினாள். எழுதிக்கொள்ளச் சொன்னாள். பின்வேலி இல்லை. டைரக்டர் நாகநாதன் மார்ச் முதல் எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை. வந்ததாக முன்பு தான் போட்டதெல்லாம் தவறு. இன்றே கம்பி லாரியும் காவலும் வேண்டும்.

நல்லசாமி பேனாவை நிறுத்தினார். "இதை எழுதினா, ஐயா இல்லேன்னு நீங்களே எழுதின மாதிரி, ஆச்சி."

"தெரியும். எழுதுங்க."

அறிவிப்பைக் கிழித்த அவள், அந்தச் சுவரிலேயே தாளை வைத்துப் பேனாவை எடுத்தாள். கம்பியில்லாத பக்கம், மரங்களுக்குள் யாரோ தொண்டையைச் செருமினார்கள். ராக்கம்மா கதவைச் சாத்திக்கொண்டாள். நல்லசாமி கைகூப்பினார். அந்தச் செருமல் ஆச்சிக்கு முப்பது வருஷப் பழக்கம்.

திரும்பிப் பார்க்காமல், எழுத்து எழுத்தாக, தன் பெயரை மட்டும் போட்டு முடித்தாள்.