அண்ணன் நின்ற இடத்தில்

அருமனைப் பக்கம் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற அகதி முகாமில் அம்மாவின் வீடு ஒரே அறை. வாசலுக்கு நேர் எதிர்ச் சுவரில் ஓர் ஆணி உண்டு. அதில் யாரும் எதையும் மாட்டக் கூடாது. எனக்குக் கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர், பாவம், மாமியாரைக் குளிரவைக்கலாம் என்று தோவாளையிலிருந்து ஒரு தினசரி காலண்டரைக் கொண்டுவந்து அதில் மாட்டினார். அம்மா சிரித்தமுகமாகத் தேநீர் கொடுத்து அனுப்பினாள். அவர் பஸ் ஏறியதும் காலண்டர் அரிசி வாளிக்கு மூடியாகிவிட்டது. அந்த ஆணி அண்ணனின் படத்துக்கு. படம்தான் இல்லை.

நாங்கள் வன்னியிலிருந்து வந்தவர்கள். அப்பா அங்கேயே ஷெல் விழுந்து போய்விட்டார். அவரை எடுத்தோம், அழுதோம், செய்யவேண்டியதைச் செய்தோம். அம்மாவையும் என்னையும் படகேற்றிவிட முடிவானபோது, புறப்படும் முன்பு அம்மாவும் அண்ணனும் ஸ்டூடியோவில் ஒரு படம் எடுத்துக்கொண்டார்கள். அம்மா நாற்காலியில், அண்ணன் பின்னால் நின்றபடி. "அடுத்த படகில வாறன்" என்று அண்ணன் கரையில் நின்று சொன்னான். அலையில் எங்கள் பை நனைந்தது. மண்டபத்தில் இறங்கித் திறந்து பார்த்தால் படமும் அதன் பிளாஸ்டிக் உறையும் ஒன்றாக ஒட்டிக்கிடந்தன. காயும்வரை பொறுத்திருக்கலாம். அம்மாவுக்குப் பொறுமையில்லை, உரித்தாள். அண்ணனின் முகம் உறையோடு போய்விட்டது.

சண்டை முடிகிற காலத்தில் அவனிடமிருந்து ஒரே ஒரு போன் வந்தது. பிறகு ஒன்றுமில்லை. செத்தான் என்று சொல்ல ஆளில்லை, இருக்கிறான் என்று சொல்லவும் ஆளில்லை. பிள்ளைகள் எத்தனை என்று முகாமுக்கு வருகிற எந்த அதிகாரி கேட்டாலும் அம்மா "ரெண்டு" என்பாள். "மகன் எங்கே?" என்றால், "வருவான்" என்பாள். கோயிலில் எல்லோரும் காணாமல் போன பிள்ளைகளுக்கு விளக்கேற்றும்போது அவள் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். அவளுக்கு முன்னால் 'செத்தான்' என்கிற அந்த ஒரு வார்த்தை என் வாயில் வராமல் நானும் இத்தனை வருஷம் காத்துவந்தேன். வாயை அடக்குவது எனக்குச் சாமானியமான காரியமில்லை, என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

நான் தோவாளைப் பூக்கடைக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு, ஒரு மகனையும் பெற்று, இந்த ஊர்க்காரியாகவே ஆகிவிட்டேன். அம்மா இன்னும் வன்னிப் பேச்சுத்தான் பேசுகிறாள். எனக்குக் கோபம் வந்தால் நாஞ்சில் நாட்டுப் பேச்சுத்தான் முந்திக்கொண்டு வரும்.

படம் எடுக்கிற பெண் ஒருத்தி, நாகர்கோவில் பக்கத்துப் பிள்ளை. கலையெல்லாம் படித்து, வெளிநாட்டுக்கும் போய் வந்தவள். ஊரிலேயே ஏதாவது செய்யவேண்டும் என்று முகாமுக்கு வந்தாள். சண்டையில் தொலைந்துபோன குடும்பப் படங்களைத் திரும்ப எடுக்கப் போகிறாளாம். படம் எப்படி இருந்தது என்று உரியவர்கள் சொல்லவேண்டும். அதில் இருந்தவர்கள் இப்போது இல்லையென்றால், இருக்கிற சொந்தக்காரர் யாராவது அந்த இடத்தில் நிற்கவேண்டும். மனசு ஆறுமாம்.

எனக்கு எரிச்சலாக வந்தது. "ஏம்மக்கா, ஆறிட்டு வர்ற புண்ணச் சொறிஞ்சு விட்டா ஆறுமா?" என்று அவளிடமே கேட்டேன்.

"அது ஆறிட்டுதான் வருதாக்கா?" என்றாள்.

அம்மா ஒத்துக்கொண்ட வேகத்தைப் பார்க்கவேண்டும். அண்ணன் நின்ற இடத்தில் யார் நிற்பது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. என் மகனுக்கு இப்போது ஏறக்குறைய அதே வயது. தாய்மாமன் ஜாடை அப்படியே உரித்து வைத்திருக்கிறான். அவன் கடையில் போய் அழகழகாக வெட்டிக்கொண்டு வந்த தலைமுடியில் அம்மா உள்ளங்கை நிறைய எண்ணெயை ஊற்றி, இடது பக்கம் வகிடெடுத்துப் படிய வாரினாள். "முழுக்கைச் சட்டை போட வேணும். கையை முழங்கைமட்டும் மடிச்சு விடு. பொத்தானை மேல வரைக்கும் பூட்டு" என்றாள். வேறு யார் சொல்லியிருந்தாலும் வீட்டை ரெண்டாக்கியிருப்பான். அம்மம்மா சொன்னதற்கு ஒரு முணுமுணுப்புக்கூட இல்லை.

ரப்பர் பால் ஷீட் காயப்போடுகிற கொட்டகைக்கு முன்னால் ஒரு வேட்டியைத் திரையாகக் கட்டினார்கள். அம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். மகன் பின்னால் போய் நாற்காலியின் முதுகில் கையை வைத்தான். அந்தப் பெண் பழைய காலத்துப் பெட்டிக் கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, அசையாதீங்க என்றாள். அப்போதுதான் அம்மா கையைப் பின்னால் நீட்டி, அவன் கையைப் பிடித்து எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள்.

அந்தப் பெண் துணியை விலக்கிவிட்டு, "அம்மா, பழைய படத்துல கை நாற்காலி மேல இருந்துன்னுல்லா சொன்னிய?" என்றாள்.

"ஓம் பிள்ளை. அண்டைக்கு அவனுக்கு வெக்கம், வைக்கேல்லை. நானும் வையடா எண்டு சொல்லேல்லை. இப்ப வைக்கட்டும்."

நான் கொட்டகைக்குள் போய் ஷீட்டுகளைத் திருப்பிப் போடுகிற மாதிரி நின்று அழுதேன்.

படம் வந்தபோது என் வீட்டுக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ன கலைப்படமோ! பாதி மூஞ்சியில வெளிச்சமே விழல. நம்ம ஊர் ஸ்டூடியோக்காரன் இப்படி எடுத்திருந்தா அவனச் சும்மா விடுவமா?" என்றார். சொன்னாரே தவிர, படத்தைக் கையிலிருந்து கீழே வைக்கவில்லை. அம்மாவுக்கென்று சின்ன அளவில் ஒரு படம் சட்டம்போட்டு வந்தது. அவள் அதை வாங்கி, முந்தானையால் துடைத்து, ஆணியில் மாட்டினாள்.

அதன்பிறகு அம்மா தேறினாள், இல்லையென்று சொல்லமாட்டேன். நன்றாகத் தூங்கினாள். பக்கத்து வீட்டாரோடு சண்டை போடுகிற அளவுக்குத் தெம்பு வந்தது. யார் வந்தாலும் படத்தைக் காட்டி "என்ர மகன்" என்பாள். எல்லோருக்கும் உள்ளது தெரியும், யாரும் திருத்தவில்லை. என் மகனையும் அண்ணனின் பெயரைச் சொல்லியே கூப்பிட ஆரம்பித்தாள். முதலில் வாய் தவறித்தான் வந்திருக்கும். பிறகு அதுவே நிலைத்துவிட்டது. அவனும் அந்தப் பெயருக்கு "என்ன அம்மம்மா" என்று போய் நிற்பான்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. "அவனுக்கு நாங்க வச்ச பேரு ஒண்ணு இருக்கும்மா" என்று ஒருநாள் சிடுசிடுத்தேன்.

"விடும்மா, எந்தப் பேரச் சொன்னா என்ன? சோறு கிடைக்குல்லா?" என்று மகன் சிரித்தான்.

அந்தப் பெண் முகாமில் எடுத்த படங்களுக்கெல்லாம் நாகர்கோவிலில் ஒரு மண்டபத்தில் கண்காட்சி வைத்தாள். எங்கள் படத்தைத்தான் ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி நடுவில் வைத்திருந்தார்கள். அம்மா முன்வரிசையில், புதுச் சேலையில். நான் அவள் பக்கத்தில். மகன் வெட்கப்பட்டு வாசலிலேயே நின்றுகொண்டான். என் வீட்டுக்காரர் ஒரு மாணிக்க மாலையோடு வந்தார். அரளியையும் நொச்சி இலையையும் மடித்துத் தொடுக்கிற தட்டையான மாலை, எங்கள் தோவாளையின் பெருமை. பெரிய மனிதர்களை வரவேற்கத்தான் அதைக் கட்டுவார்கள். மாமியாரை மேடைக்கு முன்னால் எல்லோரும் பார்க்க மாலைபோட்டு மரியாதை செய்யவேண்டும் என்பது அவர் ஆசை. என்னிடம்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். எங்கள் தோவாளைக்காரர்கள் மாலையைக் கண்டால் கழுத்தைத் தேடுவார்கள், அதுதான் அவர்களுக்கு உள்ள வியாதி.

படங்களைத் திறந்துவைக்க வந்தவர் ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர், தங்கமான மனிதர். என் வீட்டுக்காரர் மாலையை அவர் கையில் கொடுத்து, "மாமிக்கு நீங்களே போடணும் ஐயா" என்றார். அவரும் சந்தோஷமாக அம்மாவுக்கு முன்னால் வந்து நின்றார். அப்பா போனபிறகு அம்மா தலையில் ஒரு மல்லிகைப் பூக்கூட வைத்ததில்லை. அவள் நாற்காலியோடு ஒட்டிக்கொண்டாள். "எனக்கு வேண்டாம் ஐயா. நான் பூப் போடுறேல்லை" என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

பாவம் அந்த மனிதர் என்ன செய்வார்? இத்தனை பேருக்கு நடுவில், ரெண்டு கையிலும் ஏந்திய மாலையோடு நிற்கிறார். தரையில் போட முடியுமா? திரும்பினார். எதிரே படம். படத்தைத் திறந்துவைத்து மாலைபோட்டே பழகிய கை. அப்படியே படத்தின் சட்டத்தில் ரெண்டு முனையையும் மாட்டிவிட்டார். கூட்டம் கைதட்டியது.

மாலையின் அடிப்பக்கத்தில் படத்திலிருந்த அம்மா மறைந்துபோனாள். நடுவில் என் மகனின் முகம் மட்டும் தெரிந்தது. எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, மேல் பொத்தான் வரை பூட்டிய சட்டை, சுற்றிலும் பூ.

நான் துள்ளி எழுந்தேன். அம்மாவும் எழுந்து கையை நீட்டியது ஓரக்கண்ணில் தெரிந்தது. அவளும் ஏதோ சொல்லத்தான் வாயெடுத்தாள். நான் முந்திவிட்டேன்.

"ஐயா, மாலைய எடுங்க! அது எம் மவன்! உசிரோட இருக்கான் ஐயா, அந்தா வாசல்ல நிக்கான் பாருங்க! உசிரோட இருக்கவன் படத்துக்கா மாலை போடுவிய?"

நானே ஓடிப்போய் மாலையை இழுத்து எடுத்தேன். அந்தப் பெரியவர் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டார். என் வீட்டுக்காரர், "ஏட்டி, ஏட்டி, சும்மா இரி" என்று என் கையைப் பிடித்தார். மகன் வாசலிலிருந்து ஓடிவந்தான். இத்தனைக்கும் பிறகுதான் நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, மெல்ல உட்கார்ந்துகொண்டிருந்தாள்.

தப்பாகச் சொல்லிவிட்டேனா? பெற்றவள் எவளும் அதைத்தான் சொல்வாள். நாளைக்கு மறுபடி நடந்தாலும் அதையேதான் சொல்வேன். அம்மாவும் அதையே சொல்லத்தான் எழுந்தாள் என்று எனக்குத் தெரியும். என்ர மகன் உயிரோட இருக்கிறான், மாலையை எடுங்கோ என்று. நான் அரை நிமிஷம் வாயை மூடியிருந்தால் அவள் அதைச் சொல்லியிருப்பாள். ஊர் முழுக்கக் கேட்கச் சொல்லியிருப்பாள். அந்தப் பேச்சை நான் பிடுங்கிக்கொண்டேன். படத்தில் நிற்பது என் மகன் என்றால், உயிரோடு இருப்பதும் என் மகன்தானே. அவளுக்குச் சொல்ல என்ன மிச்சம் இருந்தது?

அன்று படம் பார்க்க வந்த யாரோ ஓர் அம்மாள் அவளிடம் வந்து, "இது யாரு, உங்க மகனா?" என்று கேட்டாள்.

"இல்லைப் பிள்ளை, பேரன்" என்றாள் அம்மா.

காரில் திரும்பினோம். அருமனை தாண்டியதும் அம்மா முன்சீட்டுப் பக்கம் குனிந்தாள். "தம்பி, எனக்கெண்டுதானே அந்த மாலையைக் கொண்டு வந்தனீங்கள். தாங்கோ." என் வீட்டுக்காரர் ஒன்றும் புரியாமல் எடுத்துக் கொடுத்தார். நான் இழுத்த இழுப்பில் ஒரு முனை பிய்ந்திருந்தது. வீடு வரை அதை மடியில் வைத்து, பிரிந்த பூக்களைத் திரும்பச் செருகிக்கொண்டே வந்தாள்.

உள்ளே போனதும் ஆணியிலிருந்த படத்தை எடுத்தாள். முந்தானையால் துடைத்து என்னிடம் நீட்டினாள். "உன்ர பிள்ளையின்ர படம். கொண்டுபோய் உன்ர வீட்டில மாட்டு."

"அம்மா, நான் அப்படி நினைச்சுச் சொல்லலம்மா" என்றேன்.

"தெரியும். நீ சொன்னதில ஒரு பிழையும் இல்லை."

பிறகு அந்த மாலையை வெறும் ஆணியில் மாட்டினாள். அதற்குள் வைக்க ஒரு முகமில்லை, சுவர்தான். அதற்கு முன்னால் ஒரு விளக்கை வைத்துக் கொளுத்தினாள். நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டு கதறினேன். அவள் அழவில்லை. என் தலையைத் தடவிவிட்டு அடுப்படிக்குப் போய், சோற்றைப் போட்டுக்கொண்டே வெளியே நின்ற என் மகனைச் சாப்பிடக் கூப்பிட்டாள். அவனுக்கு நாங்கள் வைத்த பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டாள். அவனுக்கு உறைக்கவே ஒரு கணம் ஆயிற்று.

மாலை காய்ந்து உதிர்ந்துவிட்டது. என் வீட்டுக்காரர் வாரம் ஒரு புது மாலை கொடுத்துவிடுகிறார். அந்தப் படக்காரப் பெண் ரெண்டு தடவை வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டுப் போனாள். மனசு ஆறிவிட்டது என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். இருக்கலாம். அம்மா இப்போது "எனக்கு ஒரு பிள்ளை" என்கிறாள்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மகனைக் கூட்டிக்கொண்டு முகாமுக்குப் போகிறேன். அவன் வாசலில் செருப்பைக் கழற்றும்போது நான் சற்றுப் பின்னால் நின்றுகொள்வேன். அம்மா உள்ளேயிருந்து அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். ஒரு தடவைகூடத் தப்பாகச் சொல்வதில்லை. ஒரு தடவையாவது தப்பாகச் சொல்லேன் அம்மா என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டு நிற்கிறேன்.