என்னைவிட அவள் வேகம்

மாரண்டஹள்ளியில் ஓர் உரக்கடையின் மாடியில் ஞாயிறுதோறும் ஆங்கிலம் பேசக் கற்றுக்கொடுக்கிறேன். மற்ற நாட்களில் பாலக்கோட்டில் ஒரு தனியார் பள்ளியில் வேலை. மாடிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஓசூர்ப் பக்கம் கம்பெனிகளுக்குப் போகும் பெண்கள். சிலருக்கு என் வயது, சிலர் என்னைவிட மூத்தவர்கள். மூத்தவர்களை அக்கா என்று கூப்பிடுவேன், அவர்கள் என்னை சார் என்பார்கள். இரண்டு பக்கத்துக் கூச்சமும் அதோடு தீர்ந்துவிடும்.

அவர்களில் ஓர் அக்கா, வண்டிகளுக்கான ஒயர்களைப் போர்டில் பரப்பிக் கட்டும் கம்பெனியில் வேலை செய்தார். எப்போதும் இரண்டாம் ஷிப்ட். மத்தியானம் கம்பெனி வண்டி ஏறினால் திரும்பும்போது ஊர் அடங்கியிருக்கும். மூன்று வயதுப் பையன் அவருடைய ஓரகத்தி வீட்டில் தூங்கிப் போயிருப்பான்.

வகுப்பில் சேர வந்த அன்றே சொல்லிவிட்டார். "லைன் லீடர் போஸ்டு ஒண்ணு வருது சார். கெடச்சா பகல் ஷிப்ட் மட்டும்தான். பொழுதோட வூட்டுக்கு வந்துடலாம். மேனேஜர் வடக்கத்திக்காரரு, தமிழே தெரியாது. இங்கிலீசுலதான் கேப்பாராம்."

"எத்தன நாள்ல வருதுக்கா?"

"வர்றப்ப வரட்டும். இப்பல்லாம் எங்க ஓரகத்தியத்தான் அம்மாங்கறான் சார். என்னைய வந்து போற ஆளாட்டம் பாக்கறான்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதே லைனில் வேலை செய்யும் இன்னொரு பெண்ணும் அவரோடு வருவாள். சின்னவள், கல்யாணமாகாதவள். வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ், வாய் மட்டும் இரண்டிலும் நிற்காது. அவளும் அந்த வேலைக்கு எழுதிக் கொடுத்திருந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, "லீடர்னா அப்பப்ப சேர்ல உக்காரலாம் சார், கால் வலிக்குது" என்றாள்.

ஒன்றோடொன்றை ஒப்பிட்டுப் பேசும் பாடம் வந்தது. புத்தகத்தில் யானையும் எறும்பும் இருந்தன. யானையை எத்தனை தடவைதான் எறும்பைவிடப் பெரியது என்பது? உங்கள் வீட்டில் இருப்பதையும் பக்கத்து வீட்டில் இருப்பதையும் வைத்துச் சொல்லுங்கள் என்றேன். முதலில் எழுந்தவர் வீட்டில் நல்ல சீமைப் பசு இருக்கிறது. தெருவே பொறாமைப்படும் பசு. அவர் சொன்னார்: "மை கௌ இஸ் ஸ்மாலர் தேன் ஹெர் கௌ."

"அய்யோ சாமி!" என்று பக்கத்தில் இருந்தவர் கத்தினார். "எங்க வூட்டு மாடு எலும்பும் தோலுமா நிக்குது. உன்னுது யானையாட்டம் இருக்குது. இதுல ஸ்மாலராம்!"

"வாய மூடு. கண்ணு வெக்காத."

மாடி முழுக்கச் சிரிப்பு. அடுத்தவர் தன் மகன் எதிர்வீட்டுப் பையனைவிடக் கறுப்பு என்றார். இன்னொருவர் தன் தோட்டத்துத் தக்காளி அண்ணன் தோட்டத்துத் தக்காளியைவிடப் பொடிசு என்றார். ஒருவர்கூடத் தன்னுடையது பெரிசு, தன்னுடையது நல்லது என்று சொல்லவில்லை. வாக்கியங்கள் எல்லாம் சரியாக இருந்தன. நான் திருத்துவதற்கு ஒன்றும் இல்லை.

எனக்கு அது புதிதும் இல்லை. எங்கள் பக்கம் தன்னுடையதைத் தானே உசத்திச் சொல்ல மாட்டார்கள். காய்ப்பு நன்றாக இருக்கிறதா என்று மண்டியில் கேட்டால், கூடை கூடையாக இறக்கிக்கொண்டே, "ஏதோ வந்துதுங்க" என்பார்கள். என் அப்பாவும் அம்மாவும் தக்காளிக் காட்டில் கூலிக்குக் காய் பறித்தவர்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். நான் பட்டம் வாங்கிய அன்று அம்மா தெருவில் சொன்னது, "என்னமோ எழுதிட்டு வந்திருக்கான், பாக்கலாம்" என்பதுதான். அன்று ராத்திரி எனக்கு மட்டும் இரண்டு முட்டை. அந்த வார்த்தைக்கும் அந்த முட்டைக்கும் நடுவில் வளர்ந்தவன் நான். பாலக்கோட்டுப் பள்ளியில் வேலைக்குப் போனபோது, உன்னை ஏன் எடுக்க வேண்டும் என்று கேட்டார்கள். என்னைவிட நல்லவர்கள் வந்தால் அவர்களையே எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். வேறு யாரும் வரவில்லை, என்னையே எடுத்துக்கொண்டார்கள்.

இன்டர்வியூவுக்கு முந்தின ஞாயிறு அக்காவைப் பேசவைத்துப் பார்த்தேன். பெயர், ஊர், எத்தனை வருட வேலை, ஒயர் தப்பாகப் போனால் என்ன செய்வாய். எல்லாவற்றுக்கும் தடுமாறாமல் பதில் வந்தது. நெற்றி வேர்வையை முந்தானையால் துடைத்துக்கொண்டு, "கெடச்சுருமா சார்?" என்றார். கிடைக்கும் என்றேன். நம்பித்தான் சொன்னேன்.

நடந்ததை அடுத்த ஞாயிறு சின்னவள்தான் சொன்னாள். அக்கா ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மொதல்ல அக்கா உள்ள போச்சு சார். அஞ்சு நிமிசத்துல வெளிய வந்துது. என்னக்கா கேட்டாங்கன்னா, போ போன்னு தள்ளிவுடுது. அப்பறம் நான் போனேன். பேரு, ஊரு எல்லாம் கேட்டாரு. சொன்னேன். கடைசியா, ஒரே லைன்ல ரெண்டு பேரும் நிக்கறீங்களே, யாரு வேகம்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"உள்ளத சொன்னேன். அக்கா கை லைனுக்கே தெரியும் சார், நாங்க ஒரு போர்டு முடிக்கறதுக்குள்ள ரெண்டாவதுல பாதி போயிருக்கும். ஷீ இஸ் ஃபாஸ்டர் தேன் மீன்னேன். அந்தாளு சிரிச்சாரு. அவங்க நீதான் வேகம்னு சொல்லிட்டுப் போறாங்களேங்கறாரு! நோ சார், ஷீ, நோ சார், ஷீ, அப்பிடியே நிக்கறேன். பேனாவ மூடிட்டாரு."

கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்த வேறொரு பெண்ணை எடுத்துக்கொண்டார்கள்.

"எல்லாம் உன்னாலதான்" என்றார் அக்கா, ஜன்னலைவிட்டுத் திரும்பாமல். "நீ உன் பேரச் சொல்லியிருந்தா ரெண்டு பேர்ல ஒருத்திக்காவது கெடச்சிருக்கும்."

"ஆமா, நீ மட்டும் சொல்லிட்டயாக்கும்! உன் புள்ளைக்காகத்தான போன? வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்த?"

"இவ கால் வலிக்குதுன்னாளேன்னு நெனச்சேன்" என்று அக்கா என்னைப் பார்த்துச் சொன்னார். பிறகு, "அது மட்டுமில்ல சார். நான்தான் வேகம்னு என் வாயால எப்பிடிச் சொல்றது? சொன்ன கையோட கைக்கு ஏதாவது ஆயிட்டா?" என்றார்.

என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று அவரே கேட்டார். சொன்னேன். சொல்லிப் பார்த்தார். ஐ ஆம் ஃபாஸ்டர் வரைக்கும் வந்தது. அதற்கு மேல் சின்னவளைப் பார்த்தார், நின்றுவிட்டது.

"சொல்லுக்கா, நான் ஒண்ணும் கோச்சுக்க மாட்டேன்" என்றாள் அவள். "வேணும்னா காதப் பொத்திக்கறேன்." நிஜமாகவே பொத்திக்கொண்டாள். அப்போதும் வரவில்லை. இருவரும் சிரிக்க ஆரம்பித்து, அக்காவுக்குச் சிரிப்பு அழுகையாக மாறியது. நான் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

அந்த மேனேஜர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் ஊரில் அந்தக் கேள்விக்கு வேறு பதில் வரும்போல. இவர்கள் மாற வேண்டும் என்றும் என்னால் மனதாரச் சொல்ல முடியவில்லை. பசுவையும் தக்காளியையும் ஒப்பிட்ட அன்று மாடியில் கேட்ட சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் யாருடைய கை வேகம் என்று ஒரு லைனுக்கே தெரிந்திருந்தும், தெரிய வேண்டிய ஒருவருக்குத் தெரியாமல் போய்விட்டது. இரண்டு பேரும் உண்மையான அன்போடு சொன்ன ஒரே வாக்கியம், இலக்கணம் பிசகாத வாக்கியம், இருவரையும் வெளியே அனுப்பிவிட்டது.

அக்கா அதற்குப் பிறகு சில ஞாயிறுகள் வந்தார். பிறகு வரவில்லை. வேறு போஸ்டு வரும் என்று சின்னவளிடம் சொல்லியனுப்பினேன். வந்தால் பார்க்கலாம், இருக்கிற ஒரு ஞாயிறையாவது பையனோடு இருக்கிறேன் என்று பதில் வந்தது.

போன மாதம் ஒரு விடுமுறை நாளில், மத்தியானம் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். கம்பெனி வண்டிக்கு நின்றுகொண்டிருந்தார். ஓரகத்தி பையனை இடுப்பில் வைத்திருந்தார். வளர்ந்திருந்தான்.

"நல்லா இருக்கீங்களா சார்? ஏதோ போவுது" என்றார் அக்கா, நான் கேட்பதற்கு முன்பே.

வண்டி வந்தது. அக்கா பையனின் கன்னத்தைத் தொட்டுவிட்டு ஏறினார். அவன் ஓரகத்தியின் தோளில் சாய்ந்தபடியே கையை ஆட்டினான். ஜன்னலுக்கு அந்தப் பக்கமிருந்து அக்கா என்னிடம் சத்தமாகச் சொன்னார்:

"மொதல்ல எல்லாம் வண்டியப் பாத்தாலே அழுவான் சார். இப்ப அழுவறதே இல்ல."