எழுத்து ஓடும் நேரம்

எங்கள் அப்பாவுக்குப் படம் என்றால் எழுத்து ஓடி முடிந்த பிறகுதான். அதுவரை தியேட்டர் வாசலில் பீடி பிடித்துக்கொண்டு நிற்பார். அன்று மட்டும் திண்டுக்கல் பஸ் மெதுவாகப் போகிறது என்று கண்டக்டரோடு சண்டையே போட்டார்.

காரணம் என் தாய்மாமா. உரக்கடை வேலையை உதறிவிட்டு, உதவி இயக்குநராகச் சேரச் சென்னைக்கு ஓடியவர். "திரையில பேரு வந்தாத்தான் எங்க வாசப்படி ஏறணும்" என்று அப்பா அப்போதே சொல்லிவிட்டார். அடுத்த வாரம் தம்பிக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடி இல்லாமல் காதுகுத்து ஏது? அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

மாமா வேலை பார்த்த அந்தப் படம் பேய்ப்படம். மற்ற படங்களில் எழுத்து ஓடும்போது விசிலும் பேப்பர் மழையுமாக இருக்கும், ஒரு பேரையும் படிக்க முடியாது. இதில் தியேட்டரே மூச்சுவிடவில்லை. இருட்டு வீட்டில் யாருடைய கையோ அரிக்கேன் விளக்கைத் தூக்கிக்கொண்டு போனது. ஒவ்வொரு கதவாகத் திறந்தது. கதவுக்குப் பின்னால் பேர்கள். எல்லாருக்கும் பேய் வந்துவிடுமோ என்று பயம், எங்களுக்கு மாமா வராமல் போய்விடுவாரோ என்று பயம். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. என் கையை இறுக்கிக்கொண்டு ஒவ்வொரு கதவுக்கும் "வந்துச்சா தாயி?" என்றாள்.

உதவி இயக்குநர்கள் என்று ஒரு கதவு திறந்தது. மேலிருந்து கீழே படித்தேன், கீழிருந்து மேலே படித்தேன். மாமா இல்லை. கதவு மூடிக்கொண்டது. கடைசியில் இயக்குநர் பேரும் வந்து எழுத்து முடிந்தது.

எனக்கு அழுகை முட்டியது. வாயைத் திறப்பதற்குள் அப்பா சொன்னார்.

"வந்துருச்சு. ரெண்டாவது பேரு."

"நான் பாக்கலையேப்பா?"

"நீ பேய்க்குப் பயந்து கண்ண மூடிட்ட."

நான் மூடவே இல்லை. மூன்றாம் வகுப்பில் தமிழில் முதல் மார்க் வாங்குகிறவளுக்கு அதைவிட அவமானம் உண்டா? படம் முடியும்வரை அப்பாவோடு பேசவில்லை. அம்மாவோ அந்தப் பேய்ப்படம் முழுக்கச் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தாள்.

காதுகுத்துக்கு மாமா வந்தார். வாசலிலேயே தயங்கி நின்றார்.

"மச்சான், எம் பேரு வந்து..."

"நாந்தான் பாத்தேன்ல மாப்ள. செத்த நேரத்துல நல்ல நேரம் போயிரும், வந்து பிள்ளைய மடியில வை" என்றார் அப்பா.

ஆசாரி ஊசியை எடுத்ததும் தம்பி வீறிட்டான். மாமாவும் அழுதார். குத்துவது தம்பிக்கு, இவர் எதற்கு அழுகிறார், இவ்வளவு பெரிய பயந்தாங்கொள்ளியா என்றுதான் அன்று எனக்குத் தோன்றியது.