இனியா துடைக்காத பலகை

கோட்டுச்சேரி பூமிநாதன் வீட்டில் குரலை உயர்த்திப் பேசிய பெண் அதுவரை ஒருத்தியும் இல்லை. அவனுடைய அக்கா பெரியநாயகி, பஸ்ஸை நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த ஊரில் இறங்கி நடந்தே திரும்பி வந்தவள். அவன் மகள் இனியாவும் அத்தையைக் கொண்டு பிறந்தவள் என்றுதான் எல்லோரும் முடிவுகட்டியிருந்தார்கள்.

ஏழாம் வகுப்பில் இனியாவின் பக்கத்தில் உட்காருபவள் மதிவதனி. அவளை இனியாவுக்குப் பிடிக்கும். தோழி என்று மட்டும் அல்ல. அவள் திரும்பிச் சிரித்தால் மனப்பாடம் செய்த பாட்டெல்லாம் மறந்துபோகும் அளவுக்கு. யாரிடமும் சொன்னதில்லை. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தாள், அவ்வளவுதான். அந்த நோட்டு, கூடப் படிக்கும் அகரன் கையில் சிக்கியது.

அன்றிலிருந்து சாயங்காலம் மணி அடித்ததும் கரும்பலகையில் எழுத்து ஏறிவிடும்: ‘இனியா புருஷன், மதி பொண்டாட்டி.’ இனியா காலையில் காரைக்கால் போகும் முதல் பஸ்ஸைப் பிடித்து, யாரும் வருமுன் கைக்குட்டையை நனைத்துத் துடைப்பாள். எட்டு நாள் துடைத்தாள். ஆனால் எழுதியவன் வாயை மூட முடியவில்லையே! “என்ன மாப்ள, சாப்டாச்சா?” என்று அகரன் கேட்க, வகுப்பே சிரித்தது. மதி தன் பையை எடுத்து இருவருக்கும் நடுவில் வைத்தாள்.

மறுநாள் காலை. துடைக்கப் போன கை பாதியில் நின்றது. எழுதுவது அவன், துடைப்பது நானா? கைக்குட்டையைப் பிழிந்து ஜன்னலில் காயப்போட்டுவிட்டு இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

ஆஸியா பீவி டீச்சர் வந்து பலகையைப் பார்த்தார்.

“என்ன கண்றாவி இது? இனியா, வந்து அழிம்மா.”

இனியா எழுந்தாள்.

“எழுதினவங்க அழிக்கட்டும் டீச்சர். எட்டு நாளா நாந்தான் அழிச்சேன்.”

அவள் அகரன் பக்கம் திரும்பினாள்.

“எனக்கு மதியப் புடிக்கும், நெசந்தான். அது எம் மனசு. அவ என்ன பண்ணுனா? கேலி பண்ணணும்னா எம் மூஞ்சியப் பாத்துப் பண்ணு, அகரா.”

டீச்சரும் அகரன் பக்கம் திரும்பினார்.

“கோழி கிண்டுனாப்புல இருக்குற இந்தக் கையெழுத்தத் திருத்தித் திருத்தியே எனக்குக் கண்ணு போச்சு. வாங்க தொரை, நீங்களே அழிங்க. இன்னொரு தடவ எழுதுனா உங்கப்பாவ வச்சுத்தான் பேசுவேன்.”

அகரன் தலையைக் குனிந்துகொண்டு அழித்தான்.

“மூலையில இன்னும் இருக்குடா,” என்றாள் முன்பெஞ்சு அஸ்ஃபியா.

அடுத்த நாள் இனியா முதல் பஸ்ஸுக்கு ஓடவில்லை. நிதானமாக இரண்டாவது பஸ்ஸில் வந்தாள். பெஞ்சில் அவள் இடத்தின் மேலேயே மதியின் பை இருந்தது. அப்படியே நின்றுவிட்டாள்.

“இவ்ளோ நேரமாடி வர்றதுக்கு?” மதி பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். “அஸ்ஃபியா உக்காரப் பாத்தா. எடம் போட்டு வச்சேன்.”

“நேத்து சொன்னதுக்கு… கோவமா?”

“கோவமெல்லாம் இல்ல. யோசிக்கணும். நீ மொதல்ல உக்காரு.”