எட்டு விசைக்கு ஏழு புள்ளி

அந்த மடிக்கணினியை வாவிக்குள் எறிந்திருக்க வேண்டும். அலுவலக யன்னலிலிருந்து வீசினால் போய் விழும் தூரத்தில்தான் தண்ணீர் கிடந்தது. எறியாமல் விட்டதற்கு இன்றும் வருந்துகிறேன்.

போர் முடிந்த வருடம். காணாமற்போனவர்களைப் பதியும் ஒரு சிறிய அலுவலகத்தில், மட்டக்களப்பு நகரில், எனக்கு வேலை. எதிரில் இருப்பவர் சொல்லச் சொல்ல நான் தமிழில் தட்டச்சிட வேண்டும். கொழும்புத் தலைமையகம் அனுப்பிய கணினியில் லினக்ஸ் போட்டிருந்தது. இரண்டு நிமிடம் விசையைத் தொடாவிட்டால் திரை கறுத்துப் பூட்டிக்கொள்ளும். பிள்ளையைத் தொலைத்தவள் பேசும்போது இரண்டு நிமிட மௌனம் எத்தனை தடவை வரும் என்று அதைச் செய்தவனுக்கு யார் சொல்வது?

கடவுச்சொல்லைக் கொடுத்துத் திறக்கலாம்தானே என்பீர்கள். அங்கேதான் வயிறு எரிந்தது. சில நேரம் ஏற்கும். சில நேரம் பிழையென்று தள்ளிவிடும், சீதனம் பேச வந்த மாப்பிள்ளை வீட்டார் போல. தள்ளினால் கணினியை நிறுத்தி மறுபடி தொடங்க வேண்டும். படிவமோ கடைசிக் கேள்வி நிரம்பும்வரை சேமிக்க விடாது. ஆகவே எழுதியதெல்லாம் போய்விடும்.

திரைக்காப்பு அமைப்பைத் தேடிப் பிடித்து, இரண்டு நிமிடத்தை ஒரு மணித்தியாலமாக மாற்றினேன். அப்படியும் இரண்டு நிமிடத்தில் பூட்டியது. கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தேன். அங்கிருந்த தொழில்நுட்பக்காரர் யாழ்ப்பாணத்தவர்.

“தங்கச்சி, கப்ஸ் லொக் விழுந்திருக்கோ எண்டு பாத்தனீங்களோ?”

“பாத்தன். அது இல்ல. ஏன் இப்பிடி ரெண்டு நிமிசத்தில பூட்டுது?”

“ரண்டு நிமிசம் ஒண்டும் அடிக்கேல்லையெண்டால் ஒருத்தரும் வேலை செய்யேல்லை எண்டுதானே அர்த்தம்? ஆக்களைப் பாயோடை ஒட்டவைக்கிற ஊரெல்லோ உங்கடை. திரையையும் ஒட்டவைச்சுப்போட்டியளாக்கும்.”

எங்கள் ஊருக்கு வந்தவனை மந்திரம் போட்டுப் பாயோடு ஒட்டவைத்து, திரும்பிப் போகவிடமாட்டோம் என்பது பழைய பகிடி. வேறு நாளென்றால் நானும் சிரித்திருப்பேன். அன்று வாயில் வந்ததையெல்லாம் சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தேன்.

என் கோபத்துக்கு இன்னொரு வேரும் இருந்தது. சுனாமிக்கு அடுத்த கிழமை, முகாமாக இருந்த பள்ளிக்கூடத்தில், நான் மேசைக்கு மற்றப் பக்கம் நின்றவள். காணாமற்போனவர்களின் பெயர் எழுதிக்கொண்டிருந்தவர், “அம்மாவைக் கடைசியாக் கண்டது எங்க?” என்று கேட்டார். எனக்கு வாய் வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தார். கொப்பியை மூடிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நாசமாய்ப் போவான் என்று அவரை நாலைந்து வருடமாகத் திட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு நிமிடம் பொறுக்காத அந்தக் கணினியும் எனக்கு அவருடைய உடன்பிறப்புத்தான்.

வாகரைப் பக்கமிருந்து ஓர் அக்கா வந்தது, நாங்கள் பதிந்த பெயர்களின் பட்டியல் மூடும் நாளில். பின்னேரம் நான்கு மணிக்கு அதைக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். அதில் இல்லாத பெயரை இனி எப்போது, யார் தேடுவார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. அவர் மீன்பிடிக் குடும்பம். கொண்டுபோகப்பட்டது ஒரே மகன். கொண்டுபோனவர்கள் யார் என்று அவர் சொல்லவில்லை. படிவத்திலும் அந்தக் கேள்வி இல்லை.

பெயர், வயது, படித்த பள்ளிக்கூடம் எல்லாம் சொன்னார். கடைசியாகக் கண்டது எங்கே என்றதும் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். நான் காத்திருந்தேன். திரை கறுத்தது.

“ஏன் புள்ள மூடிட்டுது? நான் பிழையாச் சொல்லிப்போட்டனா?”

“இல்லக்கா, இது சனியன். கொஞ்சம் இருங்க.”

கடவுச்சொல்லை அடித்தேன். பிழை. மறுபடியும் பிழை. மேலதிகாரி எட்டிப் பார்த்து, “நிப்பாட்டிப்போட்டுத் திரும்பத் தொடங்குங்க, மூண்டேகாலாகுது” என்றார். அந்த அக்காவுக்கு அது விளங்கிவிட்டது. பையை எடுத்துக்கொண்டு எழும்பினார்.

“மறுகா முதல்லருந்து சொல்ல என்னால ஏலா கிளி. நான் வாறன்.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் கடவுச்சொல்லின் விசைகளை ஒற்றை விரலால் ஒவ்வொன்றாகக் குத்தினேன், குத்துக்கு ஒரு வசையாக. எட்டு வசை திட்டினேன். பெட்டிக்குள் ஏழு புள்ளிதான் விழுந்திருந்தது. அழித்துவிட்டு மறுபடி குத்தினேன். அப்போதும் ஏழுதான். ஐந்தாவது விசை ஒன்றும் போடவில்லை. தமிழ் விசைப்பலகையில் வெறுமையாகக் கிடக்கும் விசை அது.

தலையில் அடித்துக்கொண்டேன். தமிழில் எழுதிக்கொண்டிருக்கும்போது பூட்டினால் பூட்டுக்குள்ளும் தமிழ்தான் விழும். நான் ஆங்கிலச் சொல் அடிப்பதாக நினைத்துத் தமிழெழுத்துகளைக் கொட்டியிருக்கிறேன். திரையில் புள்ளி மட்டுமே தெரிந்ததால் கண்ணுக்குப் படவில்லை. தமிழில் ஒரு வரி அடிக்காத அந்தத் தொழில்நுட்பக்காரருக்கு இது எந்தக் காலத்திலும் வந்திருக்காது. மொழி மாற்றும் இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தி மறுபடி அடித்தேன். எட்டுப் புள்ளி. திறந்தது. மகனின் பெயர் அப்படியே இருந்தது.

“அக்கா, இருங்க! போகல்ல, எல்லாம் இருக்கு!”

வாசலில் நின்றவர் திரும்பி வந்து இருந்தார். மறுபடி மௌனமானார். நான் சின்னவிரலால் ஷிஃப்ட் விசையை நிமிடத்துக்கொரு தரம் தட்டிக்கொண்டே இருந்தேன்.

“என்ன புள்ள அடிச்சிக்கிட்டு இருக்காய்? நான் ஒண்டும் சொல்லல்லயே.”

“நீங்க ஆறுதலாச் சொல்லுங்கக்கா. இத நான் மூட விடமாட்டன்.”

சொன்னார். கரையில் தோணியை இழுத்துக்கொண்டு நின்றவன், இடுப்பில் நீலச் சாரம், ஒரு காலில் செருப்பில்லை. நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கப் பதிந்து முடித்தேன். அவர் என் கன்னத்தைத் தொட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

பட்டியல் போனபிறகு அமைப்புகளைக் குடைந்தேன். மின்சக்தி அமைப்புக்குள் தனியாக இன்னொரு பூட்டு இருந்தது. அதுவும் இரண்டு நிமிடம். நான் மாற்றியது முதலாவதை, பூட்டியது இரண்டாவது. இரண்டையும் கழற்றினேன். சோதித்துப் பார்க்க ஒரு புதுப் படிவம் திறந்தேன். எந்தப் பெயரையாவது போடலாம் என்று கை வைத்தேன். அம்மாவின் பெயர் வந்தது.

கடைசியாகக் கண்டவர்: நான். இடம்: குருக்கள்மடம், பெரிய வீதி. அடுத்தது, எந்த நிலையில்.

முதல் அலை வற்றியிருந்தது. நாங்கள் வீதிக்கு ஓடி வந்துவிட்டோம். “அம்மா, என்ட சேட்டிபிக்கட் பைல்!” என்று கத்தியது நான். அம்மா அதை எடுக்க வீட்டுக்குத் திரும்பிப் போனார். இரண்டாவது அலை வந்தது. அந்தச் சான்றிதழ்களுக்குப் பிறகு எடுத்த பிரதிகளைக் காட்டித்தான் இந்த வேலையும் கதிரையும் எனக்குக் கிடைத்தன.

அதை எழுத எனக்கு வரவில்லை. அந்தக் கொப்பிக்காரர் அன்று விடியும்வரை காத்திருந்தாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன். ஐந்து நிமிடம் போனது, பத்து நிமிடம் போனது. திரை வெளிச்சமாகவே இருந்தது.

“இப்பப் பூட்டு, சனியனே” என்றேன். அது பூட்டவில்லை.