விவாதத்தின் மேல் ஒட்டிய சிவப்பு அம்பு

என் வீட்டின் கீழ்த்தளத்தில் ஒரு பனியன் செக்கிங் யூனிட் வாடகைக்கு இருக்கிறது. இன்று மதியம் அங்கே சிரிப்புச் சத்தம் அதிகமாகக் கேட்டதால் கண்டிக்க இறங்கினேன்.

நேற்று டி.வி.யில் இரண்டு கட்சித் தலைவர்கள் மோதிய தேர்தல் விவாதத்தைச் செல்போனில் மறுபடி ஓடவிட்டிருந்தார்கள். கேட்ட கேள்விக்குப் பதில் வராதபோதெல்லாம், துணியில் குறையுள்ள இடத்தில் ஒட்டும் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை அங்கே வேலை செய்யும் செல்வி திரையில் ஒட்டினாள்.

"இதுவும் டேமேஜுங்க!"

சீக்கிரமே இரண்டு தலைவர்களின் முகமும் மறைந்துவிட்டது.

"துணி டேமேஜ்னா ஒதுக்கிப் போடறோம். இவுங்கள அப்படியே கோட்டைக்கு அனுப்பறமேக்கா," என்றாள் பக்கத்திலிருந்தவள்.

மறுபடி சிரிப்பு. என்னைப் பார்த்ததும் செல்வி எழுந்தாள்.

"ஏனுங்கம்மா, நீங்க நோட்டுல எழுதிட்டேதான பார்ப்பீங்க. ஆர்டர் இல்லாம எங்களுக்கு வாரத்துல மூணு நாள்தானுங்க வேலை. அதப் பத்தி யாராச்சும் பேசினாங்களா?"

கான்வென்ட் பழக்கம், குறிப்பெடுக்காமல் எதையும் கேட்க மாட்டேன். நேற்று ஒன்பது பக்கம் எழுதினேன். ஒருவர் தாத்தாவை இன்னொருவர் இழுத்தது வரை அதில் இருக்கிறது.

"இல்லை," என்றேன்.

"சரிங்கம்மா."

ஸ்டிக்கர்களை உரித்துவிட்டுப் போனை அணைத்தாள். அதன்பிறகு யாரும் சிரிக்கவில்லை. கண்டிக்க எனக்கும் ஒன்றுமில்லை.

என் குறிப்பில் ஏதோ விட்டுப்போயிற்று என்று சொல்லும் துணிச்சல் காலஞ்சென்ற என் கணவருக்கே இருந்ததில்லை. இன்று அந்த விவாதத்தைப் பார்த்த உங்களில் யாராவது சொல்லுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டேன். கீழே போய்ச் செல்வியிடம் சொல்லிவிட்டு வருவேன்.