மதுரைக்கு வராத விமானம்

துபாயிலிருந்து மதுரைக்கு விமானத்தில் நாலு மணி நேரம். மதுரையிலிருந்து கம்பத்துக்குக் காரில் மூன்று மணி நேரம். இந்த மூன்று மணி நேரத்தைத்தான் நதியா நம்பியிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, கணவன் சுருளிவேலின் கையைப் பிடித்துக்கொண்டு, எப்படியாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும். கூடலூர் சாலையோரத்தில் அவன் ஆசையாக வைத்த திராட்சைப் பந்தல் இப்போது இல்லை.

பாதியில் நிற்கும் வீட்டைக் கட்டி முடிக்க அவன் துபாய்க்கு ஏசி மெக்கானிக்காகப் போன பிறகு இரண்டு பருவமும் மழை அடித்தது. காய் அழுகியது, கொடியும் நோயில் கருகியது. போன ஐப்பசியில் அவளே வெட்டிச் சாய்த்துவிட்டு அவரை விதை போட்டாள். அவன் வீடியோ காலில் தோட்டத்தைக் கேட்கும்போதெல்லாம் பக்கத்துத் தோட்டத்து அக்கம்மாளின் பந்தலுக்குள் நின்று காட்டினாள்.

கார் சின்னமனூரைத் தாண்டும்போது போன் வந்தது.

"எங்கன இருக்க?"

"மதுரைக்கு வந்துக்கிட்டிருக்கேன். நீங்க இன்னும் ஏறலையா?"

"நான் குமுளியில நிக்கிறேன்டி!" சுருளிவேல் சிரித்தான். "கொச்சி பிளைட்ல சீட்டு கெடச்சுச்சு. அதுவும் நாலு மணி நேரந்தான். சொல்லாம வந்து நிப்போம்னு பாத்தேன்."

"அங்கனயே இருங்க. நாங்க வண்டியைத் திருப்புறோம்."

"பஸ் கெளம்பிருச்சு. நம்ம பந்தல்ல எறங்கி, ரெண்டு கொத்து பறிச்சுத் தின்னுட்டுத்தான் வீடு."

போன் அணைந்தது. மதுரை வழியாக வந்தால் முதலில் வீடு. குமுளி மலையிலிருந்து இறங்கினால் முதலில் தோட்டம்!

"ஏலே, வண்டியைத் திருப்புடா!"

காரோட்டி வந்த தம்பி விஜயபாண்டி திருப்பினான். "மாமா கொல்லப்போறாரு. அன்னைக்கே சொன்னேன்ல, அடுத்தவ தோட்டத்துப் பழத்தைக் காட்டாதன்னு."

"வாயை மூடிக்கிட்டு ஓட்டு."

உத்தமபாளையம் போனது, கம்பம் போனது. அவள் சீட்டின் நுனியிலேயே இருந்தாள். வழியில் ஒவ்வொரு லாரியும் அவளைத் தடுப்பதற்கென்றே வந்ததுபோலிருந்தது.

தோட்டத்தில் அவரைச் செடிகளுக்கு மேல் வெறுமனே நின்ற கல்தூண்களுக்கு நடுவே சுருளிவேல் நின்றிருந்தான். பெட்டி வரப்பில் கிடந்தது. அவள் ஓடிவந்து எதிரே நின்றாள்.

"எப்ப வெட்டுன?"

"ஐப்பசியில."

"பொங்கலுக்கு எனக்குக் காட்டுனது?"

"அக்கம்மா மதினி பந்தலு."

"ஆள் விட்டு வெட்டுனியா?"

"நாந்தான் வெட்டுனேன். நாலு நாளு."

"ஒத்தையிலயா?" அவன் குரல் உடைந்தது. "தலைவலின்னு போனை வச்சியே, அந்த நாலு நாளா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அடுத்த பிளைட்ட புடிச்சு வந்திருப்பேனேடி!"

"வந்திருப்பீக. திரும்பிப் போயிருக்க மாட்டீக. பாதியில நிக்கிற வீடு அப்படியே நின்னுருக்கும்."

"அதனால நீ மட்டும் தனியாக் கெடந்து அழுதியாக்கும்?"

"அழல" என்று சொல்ல வாயெடுத்தாள். அழுகைதான் வந்தது. இரண்டு வருடமாக அடக்கியதெல்லாம் பெருங்குரலாக வெடித்தது. சாலையில் போன பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று சுருளிவேல் அவளை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டான்.